வங்குரோத்தின் கடைசி மாதங்களில் என்ன நடக்கும்?

கனடாவில் வங்குரோத்துப் (கடனைக் கட்ட முடியாத நிலை, bankruptcy) பதிந்து ஏழாவது மாதம் நடக்கிறது, ட்ரஸ்டி (உங்கள் வங்குரோத்தை நடத்தும் உரிமம் பெற்றவர்) பக்கம் ஒரு சத்தமும் இல்லை, விடுவிப்புக்கு, அதாவது கடன்களிலிருந்து சட்டப்படி விடுபடுவதற்கு, முன் இனி என்ன நடக்கும் என்று கேட்டிருக்கிறீர்கள். இது உங்களுக்கு முதல் தடவை என்றே எடுத்துக்கொள்கிறேன். இரண்டாவது தடவை என்றால் குறைந்தது 24 மாதம், அது வேறு கதை.

சத்தம் இல்லையே என்று சும்மா இருந்துவிடாதீர்கள். இனிமேல்தான் உங்கள் கோப்பை எடுத்து முழுக்கப் பார்ப்பார்கள். 9 மாதத்தில் விடுவிப்பா, 21 மாதத்திலா என்பது அந்தக் கணக்கில்தான் இருக்கிறது.

நாங்கள் டொரொன்டோவின் ஸ்காபரோவில் ஒரு சின்னச் சாப்பாட்டுக்கடை நடத்தினோம். 2020 கொரோனா முடக்கத்தில் விழுந்த வியாபாரம் திரும்ப எழும்பவே இல்லை. கடை வாடகைக்கு என் சொந்தப் பெயரில் உத்தரவாதம் இருந்தது, கடன் அட்டைகளும் நிறைந்துவிட்டன. கடைசியில் வங்குரோத்துப் பதிந்தேன். அப்புறம் நான் ஒரு வெயார்ஹவுஸில் சேர்ந்தேன், மனைவி முதியோர் இல்லத்தில் இரவு வேலை. நத்தார் நேரம் இரண்டு பேருக்கும் ஓவர்டைம் கிடைத்தது. மாதாமாதம் வரவு செலவுப் படிவமும் சம்பளத் துண்டும் ஒழுங்காக அனுப்பிக்கொண்டுதான் இருந்தேன். தவணை நெருங்கும்போது ட்ரஸ்டி அலுவலகத்தில் வரச் சொன்னார்கள்.

விஷயம் இதுதான். குடும்பத்தில் எத்தனை பேர் என்பதை வைத்து அரசாங்கம் ஒவ்வொரு வருடமும் ஒரு வருமான எல்லை போடுகிறது. வரி போகக் கைக்கு வரும் சம்பளத்தைத்தான் பார்ப்பார்கள், ஆனால் மனைவியின் சம்பளமும் குடும்பக் கணக்கில் சேரும். அந்த எல்லைக்கு மேலே போகும் தொகையில் உங்கள் பங்கு மாதச் சராசரியில் 200 டொலரோ அதற்குக் கூடவோ இருந்தால், அதில் பாதியைக் கட்ட வேண்டும். 9 மாதமும் 21 ஆகிவிடும்.

ட்ரஸ்டி அலுவலகத்தில் வேலை செய்யும் இளம் பிள்ளை ஒருவர் கணினித் திரையை என் பக்கம் திருப்பிக் காட்டினார். ஓவர்டைம் எங்களை அந்தக் கோட்டுக்கு மேலே கொண்டுபோய் விட்டிருந்தது. எனக்கு நெஞ்சு அடைத்தது. இன்னும் ஒரு வருடம் இப்படியே என்று மனைவிக்கு எப்படிச் சொல்வது? ஆனால் கையோடு ஒரு கடித உறை கொண்டு போயிருந்தேன். மகனைப் பார்த்துக்கொண்ட அக்கா நீல மையில் எழுதித் தந்த ரசீதுகள், திகதி, தொகை, கையெழுத்து எல்லாம் அதில் இருந்தன. கூடவே மனைவியின் நீரிழிவு மருந்துகளுக்கான பார்மசி பில்கள். பிள்ளை பார்க்கக் கொடுக்கும் காசு, மருத்துவச் செலவு, நீதிமன்றம் விதித்த தண்டப்பணம், பிரிந்தவருக்கோ பிள்ளைக்கோ கட்டும் பராமரிப்புப் பணம், இவற்றை வருமானத்திலிருந்து கழிக்கச் சட்டத்திலேயே இடம் இருக்கிறது. அந்த அலுவலகப் பிள்ளை ஒவ்வொன்றாகப் பார்த்துப் பதிந்தார். சராசரி 200க்குக் கீழே இறங்கியது.

இதைச் சொல்லும்போது எனக்கு ஒரு ஆத்திரம் வரும், மன்னித்துக்கொள்ளுங்கள். எங்கள் சனத்திடம் ரசீது கேட்டால் ஏதோ அவர்களைக் கள்ளன் என்று சொன்னது போல முகம் மாறிவிடுகிறது. பேஸ்மென்ட் வாடகையா, சீட்டுக் காசா, மண்டபத்துக்கு அட்வான்ஸா, எல்லாம் வாய்ப்பேச்சு. நாங்கள் முன்பு இருந்த பேஸ்மென்ட் வீட்டுக்காரர் ஒரு துண்டு எழுதித் தரவில்லை. வரிக்கோப்பில் வாடகைக்குரிய சலுகையைக்கூட எடுக்க முடியாமல் போனது. காசு வாங்கினால் எழுதிக் கொடுப்பதில் என்ன மரியாதைக் குறைவு? அந்த அக்கா ஒருவர்தான் கேட்டவுடன் எழுதித் தந்தார்.

கடன்காரர்களை ஏமாற்ற வழி சொல்கிறான் என்று யாராவது கீழே எழுதக்கூடும். இல்லை. நான் கழித்தவை உண்மையாகச் செலவழித்த காசு. சட்டம் கேட்டதை எல்லாம் கொடுத்தேன், வங்குரோத்துக்குள் போன வருடத்து வரித் திருப்பணமும் ட்ரஸ்டிக்கே போனது.

சரி, மீதி. வங்குரோத்துப் பதிந்தவர் போக வேண்டிய இரண்டு பண ஆலோசனை அமர்வுகளும் முடிந்தனவா என்று பாருங்கள். முடிக்காவிட்டால் தானாகக் கிடைக்கும் விடுவிப்பு கிடைக்காது. பதிந்த வருடத்துக்கு வரிக்கோப்பு இரண்டு: ஜனவரி 1 முதல் பதிந்த நாளுக்கு முந்தைய நாள் வரை ஒன்று, அதற்குப் பின் டிசம்பர் 31 வரை மற்றது. அதற்கான தாள்களைக் கொடுத்துவிட்டீர்களா என்று கேளுங்கள். விடுவிப்பை எதிர்க்கக் கடன் கொடுத்தவர்களுக்கும், ட்ரஸ்டிக்கும், அரச மேற்பார்வை அலுவலகத்துக்கும் உரிமை உண்டு. எதிர்த்தால் நீதிமன்றம் போக வேண்டும், அங்கே நிபந்தனையோடு விடலாம், தள்ளியும் வைக்கலாம். எங்களை யாரும் எதிர்க்கவில்லை.

எதிர்ப்பு இல்லாவிட்டால் ட்ரஸ்டியே சான்றிதழை அனுப்பிவிடுவார். பிள்ளைப் பராமரிப்புப் பணம், நீதிமன்றத் தண்டம், மோசடியால் வந்த கடன், படிப்பை விட்டு 7 வருடம் ஆகாத அரச மாணவர் கடன் இவை அதற்குப் பிறகும் நிற்கும். உங்கள் கடனுக்குப் பிணையாகக் கையெழுத்துப் போட்டவர்களும் தப்பமாட்டார்கள், அவர்களிடம் முன்கூட்டியே கதைத்துவிடுங்கள்.

சான்றிதழ் வந்ததும் நாலு பிரதி எடுத்து வையுங்கள். சில மாதம் கழித்து உங்கள் கிரெடிட் ரிப்போர்ட்டை (கடன் வரலாற்று அறிக்கையை) எடுத்துப் பாருங்கள். என்னுடையதில் ஒரு கடன் அட்டை இன்னும் பாக்கி என்று நின்றது. சான்றிதழ்ப் பிரதியை அனுப்பிய பிறகுதான் திருத்தினார்கள்.