நைட் டியூட்டி வேண்டாம் என்று சொன்னது யார்?

கேள்வி: என் மகள் ஆபரேஷன் தியேட்டர் டெக்னாலஜியில் பி.எஸ்சி. முடித்தவள். எங்கள் ஊரில் 40 படுக்கை உள்ள தனியார் மருத்துவமனையில் 3 ஆண்டுகளாக வேலை பார்க்கிறாள். சம்பளம் 13,500 ரூபாய். அவளுக்குப் பின்னால் சேர்ந்த ஒரு பையன், ஒரு வருடச் சான்றிதழ்ப் படிப்பு மட்டுமே படித்தவன், 19,000 வாங்குகிறான். (நைட் டியூட்டி எல்லாம் அவன்தான். பெண் பிள்ளைக்கு அது சரிவராது என்று அவள் சேர்ந்த வாரமே டாக்டரைப் பார்த்துச் சொல்லிவிட்டேன்.) படிப்புக்கு வாங்கிய கடன் இன்னும் முடியவில்லை. அமெரிக்காவில் இதே வேலைக்கு 50 லட்சம் தருகிறார்கள் என்கிறார் என் மைத்துனர். வேலையை விட்டுவிட்டு வங்கித் தேர்வுக்குப் படிக்கச் சொல்லட்டுமா? வரன் வேறு பார்க்க வேண்டியிருக்கிறது.
– ஒரு தந்தை, திண்டுக்கல் மாவட்டம்

பதில்: ஐயா, அடைப்புக்குறிக்குள் போட்டுவிட்டு நீங்கள் தாண்டிப் போன வரியிலேயே நான் நின்றுவிட்டேன். படிப்புக்கு மதிப்பில்லையா என்று கேட்க வருகிறீர்கள். அந்த 5,500 ரூபாய் வித்தியாசம் எங்கிருந்து வந்தது என்பதை நீங்களே எழுதியும் இருக்கிறீர்கள்.

சென்ற ஆண்டு என் கணவருக்குக் குடலில் ஓட்டை விழுந்து, இரவு ஒரு மணிக்கு அறுவைச் சிகிச்சை. பச்சை உடையில் ஒரு பெண் வந்து அவருடைய மூக்குக்கண்ணாடியையும் மோதிரத்தையும் என் கையில் கொடுத்துவிட்டு, ஸ்ட்ரெச்சரைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள். இருபத்தைந்து வயது இருக்கும். எல்லாம் முடிந்து வெளியே வந்த டாக்டர், "தையல் போடப் பத்து நிமிடம் தாமதம் ஆனது அம்மா, ரத்தம் ஒற்றும் துணி, மாப் என்போம், அதன் எண்ணிக்கையில் ஒன்று குறைந்தது, அதைக் கண்டுபிடிக்கும்வரை அந்தப் பெண் வயிற்றை மூட விடவில்லை" என்றார். கடைசியில் மேசைக்கு அடியில் கிடந்ததாம். நோயாளி தியேட்டரை விட்டுப் போவதற்குள் கருவி, பஞ்சு, ஊசி எண்ணிக்கை சரியாக இருக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் 19 அம்ச அறுவைப் பாதுகாப்புப் பட்டியலில் உள்ள விதி. அந்த விதியை இரவு மூன்று மணிக்கு, அவசரத்தில் இருக்கும் ஒரு சர்ஜனிடம் சொல்லி நிறுத்த ஒருத்திக்குத் துணிவு வேண்டும். அவளும் ஒருவருடைய மகள்தான். அவளுடைய தகப்பனாரும் உங்களைப் போல் டாக்டரைப் பார்த்துப் பேசிவிட்டு வந்திருந்தால் என் கணவருக்கு அந்த இரவில் யார் இருந்திருப்பார்கள்?

சிறிய மருத்துவமனையில் பகலில் வருபவை பெரும்பாலும் தேதி குறித்து வரும் ஹெர்னியா, பித்தப்பைக் கல். சிக்கிக்கொண்ட குடல், ரத்தம் கொட்டும் பிரசவம், பைபாஸ் சாலையில் அடிபட்டு வந்த கால், இவையெல்லாம் நேரம் பார்த்து வருவதில்லை. இரவில் ஆட்கள் குறைவு. மயக்க மருந்து மெஷினைச் சரிபார்ப்பதும், கருவி ட்ரே வைப்பதும், கை கழுவி அங்கியும் உறையும் மாட்டி (ஸ்க்ரப் செய்துகொண்டு) சர்ஜனுக்கு எதிரே நிற்பதும் ஒரே ஆளின் வேலை ஆகிவிடும். அந்தப் பையன் இந்த மூன்று வருடத்துக்குள் கற்றதை உங்கள் மகள் பத்து வருடப் பகல் டியூட்டியிலும் கற்க மாட்டாள். நைட் அலவன்ஸ் போனது சின்ன நஷ்டம். நாளை ஒரு பெரிய மருத்துவமனை நேர்காணலில், "அவசர கேஸ் தனியாகச் சமாளித்திருக்கிறாயா?" என்று கேட்டால் அவள் தலைகுனிந்து நிற்பாளே, அதுதான் பெரிய நஷ்டம். மூன்று ஆண்டுப் படிப்பும் ஓராண்டுப் பயிற்சியும் முடித்த பிள்ளைக்கு இதைச் செய்திருக்கிறீர்கள்.

சம்பளத்தைத் தீர்மானிப்பவை வேறும் உண்டு. இதயம், மூளை, மூட்டு மாற்று, உறுப்பு மாற்று என்று ஒரு துறையில் கை பழகியவர்களுக்கு மதுரை, கோயம்புத்தூர், சென்னையின் பெரிய மருத்துவமனைகளில் கூடுதலாகக் கிடைக்கிறது. சிறு துளை வழியாக அறுவை செய்யும் லேப்ராஸ்கோபிக் கருவிகளையும், தியேட்டரிலேயே எக்ஸ்ரே காட்டும் சி-ஆர்மையும் கையாளத் தெரிந்தவரை எளிதில் விட மாட்டார்கள். 40 படுக்கை மருத்துவமனையில் பட்டத்துக்கும் ஒரு வருடச் சான்றிதழுக்கும் முதலாளி பெரிதாக வித்தியாசம் பார்ப்பதில்லை. இரவில் கூப்பிட்டால் யார் வருவார்கள் என்றுதான் பார்க்கிறார். 2021-இல் வந்த மத்தியச் சட்டம் தியேட்டர் டெக்னாலஜிஸ்டுகளையும் பதிவு பெற வேண்டிய தொழிலாக அங்கீகரித்திருக்கிறது. ஆனால் அந்தச் சட்டம் யாருக்கும் சம்பளம் நிர்ணயிக்கவில்லை. அரசு வேலைக்கு மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியத்தின் அறிவிப்புகளைப் பார்த்து வரச் சொல்லுங்கள். எந்தப் பதவிக்கு எந்தப் படிப்பு என்பதை வரி வரியாகப் படித்துவிட்டு விண்ணப்பிக்க வேண்டும்.

உங்கள் மைத்துனர் சொன்ன தொகை பொய்யில்லை. அமெரிக்க அரசின் தொழிலாளர் புள்ளிவிவரத் துறை 2024 மே மாதக் கணக்கில் இந்த வேலைக்குக் காட்டிய நடுத்தர ஆண்டுச் சம்பளம் 62,830 டாலர். அதில் அந்த ஊர் வாடகையும் வரியும் போக வேண்டும். அங்கே பெரும்பாலான மருத்துவமனைகள் கேட்கும் சான்றிதழுக்கு, அங்கீகாரம் பெற்ற பயிற்சியை அங்கேயே முடித்திருக்க வேண்டும். அங்கும் இரவில் வருபவருக்கும் கூப்பிட்டால் வரத் தயாராக ஆன் கால் இருப்பவருக்கும்தான் தனியாகப் பணம். இதை மைத்துனர் சொல்லியிருக்க மாட்டார்.

உங்கள் பயத்தை நான் அலட்சியம் செய்யவில்லை. இரவில் பெண் தனியாகப் போய் வருவது பற்றித் தகப்பன் கவலைப்படத்தான் வேண்டும். அந்தக் கவலையோடு டாக்டரிடம் போனவர் கேட்டிருக்க வேண்டியவை வேறு. கொண்டுவந்து விட வண்டி உண்டா? ஓய்வெடுக்கும் அறைக்கு உள்ளே தாழ்ப்பாள் இருக்கிறதா? பணியிடப் பாலியல் தொல்லைக்கு எதிரான 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி 10 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் இருக்க வேண்டிய புகார்க் குழு இருக்கிறதா, அதில் யார் யார்? வண்டி இல்லையென்றால் நீங்கள் கொண்டுபோய் விடுங்கள். தூக்கம் கெடும். பெற்றவனுக்கு அது பெரிய விஷயமா? பெண்ணை வேலைக்கு அனுப்பிவிட்டு வேலையின் பாதியை வாசலிலேயே நிறுத்தி வைப்பதைப் பாதுகாப்பு என்று என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை.

வரனுக்காகத்தான் இந்த ஏற்பாடு என்றால், வருகிறவர்களிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள், எங்கள் பெண் இரவில் தியேட்டரில் நிற்பவள் என்று. அதைக் கேட்டு எழுந்து போகிற குடும்பம் போகட்டும். கடனை அடைக்க அவள் சம்பளம் வேண்டும் என்று நினைப்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. வீட்டுப் பாரத்தில் பிள்ளைகள் தோள் கொடுக்கத்தான் வேண்டும். தோள் கொடுக்கச் சொல்லிவிட்டுக் கையைக் கட்டிப்போடாதீர்கள். வங்கித் தேர்வு என்ற பேச்சு இப்போது வேண்டாம். ஆறு மாதம் அவள் இரவு கேஸ்கள் பார்க்கட்டும். எந்தத் தேதியில் என்ன அறுவை, தான் ஸ்க்ரப் செய்தாளா என்று ஒரு நோட்டில் எழுதி வைக்கட்டும். சம்பளச் சீட்டும் நியமனக் கடிதமும் கையில் இருக்கின்றனவா, பி.எஃப்., ஈ.எஸ்.ஐ. பிடிக்கிறார்களா என்று பார்க்கட்டும். அவற்றோடு மதுரையில் நான்கு இடங்களில் ஏறி இறங்கினால் எவ்வளவு கேட்கலாம் என்பது அவளுக்கே தெரிந்துவிடும்.

அதற்கு முன் நீங்கள் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. அதே டாக்டரிடம் மறுபடி போங்கள், இந்த முறை மகளோடு. நீங்கள் வெளியே பெஞ்சில் உட்காருங்கள்; உள்ளே அவள் பேசட்டும். உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்துவிட்டேன். மகளின் படிப்பு இருக்கிறது, சம்பளம் இருக்கிறது, கடன் இருக்கிறது, வரன் இருக்கிறது. அவள் என்ன சொன்னாள் என்று ஒரு வரிகூட இல்லை. நைட் டியூட்டி தனக்கே வேண்டாம் என்பாளானால் அது வேறு கேள்வி. அந்தக் கடிதத்தை அவளையே எழுதச் சொல்லுங்கள்.