"வெயிட் ஏறவே மாட்டேங்குது சிஸ்டர்": ஒரு கிராம சுகாதார நர்ஸ் கிட்ட கேட்ட கேள்விகள்

எல்லாருக்கும் வணக்கம். 24 வருஷமா விஎச்என், அதாவது கிராம சுகாதார நர்ஸ் வேலை பாக்கறேன், துணை சுகாதார நிலையம், அங்கன்வாடி, வீடு வீடா போறதுன்னு முக்கால்வாசி நாள் ஸ்கூட்டிலயே போயிடும். குழந்தை வளர்ச்சி பத்தி என்ன வேணா கேளுங்க, எனக்குத் தெரிஞ்சத சொல்றேன், டாக்டர் பாக்க வேண்டியதுன்னா அதையும் சொல்லிடுவேன்.

கேள்வி: சிஸ்டர், என் பொண்ணுக்கு 10 மாசம், 7.4 கிலோதான் இருக்கா. பிறக்கும்போது 2.6. பக்கத்து வீட்டு பையன் அதே வயசு, 9.5 கிலோ. மாமியார் தினமும் சொல்லிக் காட்டறாங்க, நைட்டெல்லாம் தூக்கமே வரல.

பதில்: மொதல்ல பக்கத்து வீட்டு பையனை விடுங்கம்மா, தாய் சேய் அட்டையில எடை குறிக்கற சார்ட் பையனுக்கு நீலம், உங்க பொண்ணுக்கு பிங்க், ரெண்டும் வேற வேற கோடு. பிறந்த எடை ஒரு வயசுல மூணு மடங்கு ஆகணும்னு ஒரு கணக்கு வெச்சிருக்கோம், உங்க பொண்ணுக்கு அது 7.8, இன்னும் ரெண்டு மாசம் இருக்கு, வந்துடும். பிங்க் சார்ட்ல 10 மாசத்துக்கு 6.7 கிலோவுக்குக் கீழ போனாதான் எடைக்குறைவு, இவ சரியான எடையக் காட்டற பச்சைப் பட்டைக்குள்ளதான் இருக்கா. ஆனா நான் பாக்கறது இந்த ஒரு புள்ளிய இல்ல. தாய் சேய் அட்டைய எடுத்து கடைசி மூணு மாசப் புள்ளிய கோடு போட்டு சேத்துப் பாருங்க. கோடு மேல போனா குழந்தை ஒல்லியா இருந்தாலும் கவலை இல்ல, அதுவே படுத்துக்கிட்டா குண்டுக் குழந்தையா இருந்தாலும் நான் வீட்டுக்கு வந்துடுவேன். 9 மாசத்துக்கு மேல மாசம் கால் கிலோ ஏறினாலே போதும், மொத மூணு மாசத்துல ஏறின வேகம் இப்ப இருக்காது. மாமியார் கிட்டயும் அட்டைய காட்டுங்க, நம்ம வாயால சொல்றத விட அந்தக் கோடு சொன்னா கேப்பாங்க.

கேள்வி: அக்கா, நான் புதுசா ஜாயின் பண்ணின விஎச்என். ஒரே குழந்தைக்கு அங்கன்வாடில ஒரு வெயிட், நான் எடுத்தா ஒரு வெயிட் வருது. எங்க தப்பு?

பதில்: இந்தக் கேள்விக்காகவே வந்தேன்னு வெச்சுக்கோம்மா. நான் சேந்த புதுசுல ஒரு குழந்தைய புதன்கிழமை தடுப்பூசி கூட்டத்துல அவசரமா தூக்கிப் போட்டு 8.2ன்னு எழுதிட்டேன், அடுத்த மாசம் அதே குழந்தை 7.7. அந்தம்மா பால் வத்திடுச்சு, திருஷ்டி பட்டுடுச்சுன்னு ஒரு வாரம் அழுதிருக்கா. அப்புறம் யோசிச்சா, மொத தடவை வெள்ளி அரைஞாண், ரெண்டு கால்லயும் தண்டை, கனமான ஃபிராக், போதாததுக்கு நனைஞ்ச டயபர்! குழந்தை இளைக்கல, நான்தான் வெள்ளியையும் சேத்து நிறுத்திருக்கேன். அன்னைலருந்து தண்டை, டயபர் எல்லாம் கழட்டாம தராசுல வெக்கறதில்ல. தொங்கவிடற தராசுன்னா துணிப்பைய மாட்டின பிறகு முள்ள ஜீரோவுக்குக் கொண்டு வரணும், முள்ளு ஆடி நிக்கற வரை பொறுக்கணும், கண்ணு முள்ளுக்கு நேரா இருக்கணும். உயரமும் அப்படித்தான், 2 வயசு வரை படுக்க வெச்சு, முட்டிய மெதுவா அழுத்தி, பாதத்த பலகையில ஒட்டி அளக்கணும், அதுக்கு மேலன்னா நிக்க வெச்சு. அதே குழந்தைய படுக்க வெச்சா 0.7 செ.மீ. கூட வரும், அதனால எப்படி அளந்தோம்னு எழுதி வை. அளவு தப்பா இருந்தா சார்ட் எவ்ளோ அழகா போட்டும் பிரயோஜனம் இல்ல.

கேள்வி: மேடம், குழந்தை பிறந்து 4 நாள். 3 கிலோ இருந்தவன் 2.8 ஆயிட்டான். பவுடர் பால் குடுக்கலாமா?

பதில்: வேணாம் தம்பி. மொத வாரத்துல 10 சதவீதம் வரைக்கும் குறையறது சகஜம், ரெண்டு வாரத்துல பிறந்த எடைக்குத் திரும்பி வந்துடும். அஞ்சாவது நாள்லருந்து ஒரு நாளைக்கு ஆறு தடவைக்குக் குறையாம ஒண்ணுக்குப் போறானான்னு எண்ணுங்க. சோர்ந்து படுத்துக்கிட்டு பால் குடிக்க எழுந்திரிக்கலன்னா உடனே ஆஸ்பத்திரி.

கேள்வி: 32 வாரத்துலயே பிறந்துட்டான் சிஸ்டர். இப்ப 6 மாசம், உக்கார மாட்டேங்கறான்.

பதில்: அவன் 8 வாரம் முன்னாடியே வந்துட்டான், அத கழிச்சா அவனுக்கு இப்ப 4 மாசம்தான். 4 மாசக் குழந்தைய யாராவது உக்காரச் சொல்வாங்களா? கழுத்து நிக்குதா, முகம் பாத்து சிரிக்கிறானா, கைய ரெண்டும் சேத்து வெச்சு விளையாடறானா, அத பாருங்க. 2 வயசு வரைக்கும் இந்தக் கழித்தல் கணக்குலதான் வளர்ச்சிய பாக்கணும். தடுப்பூசி மட்டும் பிறந்த தேதிப்படி, அதுல கழிக்கக் கூடாது.

கேள்வி: பையனுக்கு ஒன்றரை வயசு, ஒரு வார்த்தை கூட பேசல. அவங்க அப்பாவும் லேட்டாதான் பேசினாராம், வெயிட் பண்ணலாமா?

பதில்: இந்த "அப்பாவும் லேட்டு" கதைய கேட்டுக் கேட்டு எனக்குக் கோவமே வருது, தப்பா எடுத்துக்காதீங்கம்மா. பேச்ச விட நான் மொதல்ல கேக்கறது வேற: பேர் சொல்லிக் கூப்பிட்டா திரும்பறானா? காக்கா பறந்தா விரல நீட்டி உங்களுக்குக் காட்டறானா? டாட்டா காட்டறானா? பின்னாடி நின்னு தட்டத் தட்டினா திரும்பறானான்னு வீட்லயே பாக்கலாம், ஆனா அத வெச்சு காது நல்லாருக்குன்னு முடிவு பண்ணிடாதீங்க, காது டெஸ்ட் கண்டிப்பா எடுக்கணும். அரசு ஆஸ்பத்திரியில இருக்கற டிஇஐசி மையத்துல குழந்தை வளர்ச்சிய பாக்கறதுக்குன்னே ஆள் இருக்காங்க, உங்க ஊர் நர்ஸ் கிட்ட சொன்னா எழுதிக் குடுப்பாங்க. போய்ட்டு ஒண்ணும் இல்லன்னு திரும்பி வந்தா நஷ்டம் ஒரு பஸ் டிக்கெட்தான். செல்போன இன்னைக்கே ஒளிச்சு வெச்சிடுங்க. ஏற்கெனவே பேசிட்டு இருந்த குழந்தை பேச்ச நிறுத்திட்டா, அது எந்த வயசா இருந்தாலும், ஒரு நாள் கூட தள்ளிப் போடாதீங்க.

கேள்வி: 2 வயசு, சோறே இறங்கல, பால் மட்டும் நாலு பாட்டில் குடிக்கிறா. டிவில வர்ற ஹெல்த் டிரிங்க் குடுக்கட்டுமா?

பதில்: நாலு பாட்டில் பால்ல வயிறு ரொம்பிட்டா சோறு எங்க இறங்கும்? பால்ல இரும்புச்சத்து ரொம்பக் கம்மி, ரத்தம் குறைஞ்சா பசி இன்னும் போயிடும். பாட்டில நிறுத்திட்டு டம்ளர்ல ரெண்டு வேளை போதும். டப்பாவுக்கு குடுக்கற காசுக்கு முட்டை வாங்குங்க. அங்கன்வாடி சத்துமாவ தண்ணியா கரைக்காம கொழுக்கட்டையா, அடையா பண்ணி கொஞ்சம் நெய் விட்டுக் குடுங்க. விஎச்என் குடுக்கற இரும்பு டானிக் வாரத்துக்கு ரெண்டு நாள், அது அலமாரில தூசி படிஞ்சு கிடக்கறத எத்தனை வீட்ல பாத்திருக்கேன் தெரியுமா!

கேள்வி: அங்கன்வாடில கையில டேப் சுத்தி மஞ்சள்னு சொன்னாங்க. பயப்படணுமா?

பதில்: மஞ்சள்னா மேல்கை சுத்தளவு 11.5 செ.மீ.ல இருந்து 12.5க்குள்ள, மிதமான குறைவு. சாப்பாட்டக் கூட்டி, ரெண்டு வாரத்துல திரும்ப அளக்கச் சொல்லுங்க. 11.5க்குக் கீழ சிவப்பு வந்தா அன்னைக்கே ஆஸ்பத்திரி. இன்னொண்ணு, ரெண்டு பாதத்துலயும் கட்டைவிரலால கொஞ்ச நேரம் அழுத்திட்டு எடுங்க, குழி விழுந்து அப்படியே நின்னா டேப் பச்சையா இருந்தாலும் உடனே கூட்டிட்டுப் போங்க. சரிம்மா, வெளிய ஒரு குழந்தை ஊசிக்கு வந்து கத்திக்கிட்டு இருக்கு, மீதிக் கேள்விய சாயங்காலம் பாக்கறேன்.