பிம் மாடல்: சென்ட்ரிங் அடிப்பதற்கு முன்னால் செய்தால்தான் காசுக்குப் பலன்

கோவையில் ஐந்து மாடி மருத்துவமனை கட்டும் ஒப்பந்ததாரர் ஒருவர் கேட்கிறார்: "ஆர்க்கிடெக்ட், ஸ்ட்ரக்சர், ஏசி, பிளம்பிங் என எல்லாம் தனித்தனி ஆட்டோகேட் வரைபடங்கள். அடித்தளம் முடிந்துவிட்டது. இப்போது பிம் மாடல் செய்தால் வேலைக்கு உதவுமா, இல்லை முப்பரிமாணப் படம் பார்ப்பதோடு சரியா?"

கண்டிப்பாக உதவும். பிம் மாடல் வெறும் படம் இல்லை, கட்டடத்தின் ஒவ்வொரு பாகமும் அளவு, விவரங்களோடு இருக்கும் கணினி மாதிரி. மேல்தளங்கள் இன்னும் பாக்கி இருப்பதால் நேரமும் இருக்கிறது. ஆனால் எல்லாவற்றையும் மாடல் செய்யச் சொல்லிப் பணத்தைக் கரைக்காதீர்கள், மருத்துவமனையில் வலிக்கிற இடம் ஃபால்ஸ் சீலிங்குக்கு மேலே இருக்கிற அந்த ஒரு அடிதான்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். பீமின் அடிப்பகுதிக்கும் சீலிங்குக்கும் நடுவே 300 மி.மீ. இருப்பதாக வைத்துக்கொள்வோம். கழிவறையிலிருந்து வரும் 110 மி.மீ. குழாய்க்கு 100-க்கு 1 சரிவு கொடுத்தால் 12 மீட்டர் ஓட்டத்தில் 120 மி.மீ. இறங்கிவிடும். ஆக, கடைசி முனையில் அது மட்டுமே 230 மி.மீ. எடுத்துக்கொள்கிறது. 250 மி.மீ. உயர ஏசி டக்ட் (காற்று போகும் குழாய்) அதைக் குறுக்கே கடக்க எங்கே இடம்? தனித்தனி வரைபடத்தில் இரண்டும் சரியாகத்தான் தெரியும். மாடலில் ஒன்றை ஒன்று இடிப்பது உடனே தெரிந்துவிடும், குழாயைப் பீம் வழியாகவே கொண்டுபோக ஸ்லீவ் (குழாய் நுழைய முன்பே விடும் துளைக்கான உறை) எங்கே வைக்கலாம் என்று ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரிடம் கேட்டு, கான்கிரீட் போடும் முன்பே வைத்துவிடலாம். போட்ட பிறகு கோர் கட்டிங் (இறுகிய கான்கிரீட்டைத் துளைப்பது) என்று இறங்கினால் கம்பி அறுபடும், அதை நான் எந்தக் கட்டடத்திலும் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

அதனால் ஒரு தளத்தின் சென்ட்ரிங் (கான்கிரீட்டைத் தாங்கும் பலகை அடைப்பு) தொடங்க மூன்று வாரம் இருக்கும்போதே அந்தத் தளத்துக்கான மோதல் சோதனை முடிந்திருக்க வேண்டும். வாரம் ஒரு முறை எல்லா கன்சல்டன்ட்களும் மாடலைத் திறந்து வைத்துக்கொண்டு உட்காரட்டும். மென்பொருள் ஆயிரக்கணக்கில் மோதல்களைக் கக்கும், பாதி ஒரே பிரச்சினையின் பிரதிகள்தான். யார், எந்தத் தேதிக்குள் சரிசெய்வார் என்று எழுதாத மோதல் அப்படியே சைட்டுக்கு வந்து சேரும். சைட் இன்ஜினியர் பார்ப்பதற்கு மாடலைத் திறந்து பார்க்க மட்டும் உதவும் நேவிஸ்வொர்க்ஸ் ஃப்ரீடம் மென்பொருள் போதும், இலவசம்தான்.

வேலை அட்டவணையோடு இணைக்க நினைத்தால், ஸ்லாபை நீங்கள் இரண்டு நாளில் இரண்டு பகுதியாகப் போடும்போது மாடலிலும் அது அந்த ஜாயின்ட்டில் வெட்டப்பட்டிருக்க வேண்டும். இதைத் தொடக்கத்திலேயே மாடலரிடம் சொல்லிவிடுங்கள்.

அப்புறம் அளவு. மாடல் தரும் அளவை அப்படியே பில்லில் போடாதீர்கள். கட்டட வேலையை அளக்கும் இந்தியத் தரநிலையான ஐஎஸ் 1200 விதிப்படி பூச்சு வேலையில் 0.5 சதுர மீட்டர் வரையுள்ள திறப்புகளைக் கழிக்க மாட்டோம், மாடலோ சின்ன ஓட்டையைக்கூடக் கழித்துவிடும். பொருள் ஆர்டருக்கு மாடல் அளவு, பில்லுக்கு விதிப்படியான அளவு என்று பிரித்து வைத்துக்கொண்டால் சண்டை வராது.

ஒப்பந்தத்தில் ஐஎஃப்சி கோப்போடு (பல மென்பொருள்களிலும் திறக்கும் பொது வடிவம்) மாடல் செய்த மென்பொருளின் மூலக் கோப்பையும் ஒப்படைக்க வேண்டும் என்று எழுதி வாங்குங்கள். வால்வு, டேம்பர் (டக்ட்டில் காற்றைக் கட்டுப்படுத்தும் தடுப்பு) எல்லாம் சீலிங்குக்குள் எங்கே ஒளிந்திருக்கின்றன என்று பின்னாளில் பராமரிப்பு ஆட்கள் தேடும்போது அதுதான் கைகொடுக்கும்.