பழைய கடை பில்லிங் புரோகிராம் (டாஸ் ஃபாக்ஸ்புரோ) விண்டோஸ் 11-இல் ஏன் திறக்கவில்லை? வழி உண்டா?

உங்கள் புரோகிராம் 16 பிட், அதாவது பழைய டாஸ் காலச் சிப்களுக்கு எழுதப்பட்ட வகை. 32 பிட் விண்டோஸில், எக்ஸ்பி முதல் 10 வரை, இப்படிப்பட்ட புரோகிராம்களை ஓட்ட என்டிவிடிஎம் என்ற பகுதி இருந்தது. அது சிப்பில் உள்ள 'விர்ச்சுவல் 8086' என்ற, பழைய 8086 சிப் போல நடிக்கும் வசதியை நம்பி இயங்கியது. சிப் 64 பிட் நிலைக்குப் போனதும் அந்த வசதி கிடைக்காது. மைக்ரோசாஃப்டும் 64 பிட் விண்டோஸில் அந்தப் பகுதியைச் சேர்க்கவே இல்லை. 2021-இல் வந்த விண்டோஸ் 11-க்கோ 32 பிட் பதிப்பே கிடையாது. அதனால் 'கம்பாட்டிபிலிட்டி மோட்' (பழைய விண்டோஸ் போல ஓட்டும் அமைப்பு) போட்டுப் பார்ப்பது வீண் வேலை.

முதலில் டிபிஎஃப் கோப்புகள் (உங்கள் கடைத் தரவு இருப்பவை) உள்ள ஃபோல்டரை முழுதாக வேறொரு டிஸ்க்கில் நகல் எடுங்கள். மற்றதெல்லாம் பிறகு.

அடுத்து, விண்டோஸுக்குள் ஒரு டாஸ் கணினி போல நடித்து டாஸ் புரோகிராம்களை ஓட்டும் டாஸ்பாக்ஸ்-எக்ஸ் போட்டுப் பாருங்கள். சாதாரண டாஸ்பாக்ஸ் விளையாட்டுகளுக்காக எழுதப்பட்டது. பிரிண்டர் விஷயத்தில் கைவிட்டுவிடும். எக்ஸ் பதிப்பில் எல்பிடி (டாஸ் புரோகிராம்கள் பயன்படுத்தும் பிரிண்டர் போர்ட்) பிரிண்டிங் உண்டு. பில் அடிக்காத பில்லிங் எதற்கு?

அதுவும் சரிவராவிட்டால், கணினிக்குள் இன்னொரு கணினியை உருவாக்கும் விர்ச்சுவல்பாக்ஸில் 32 பிட் எக்ஸ்பி நிறுவி அதற்குள் ஓட்டலாம். எக்ஸ்பிக்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் 2014-லேயே நின்றுவிட்டன. ஆகவே அதற்கு இன்டர்நெட் இணைப்புக் கொடுக்காதீர்கள்.

இன்னொன்று: 90-களின் சில மென்பொருள்கள் 32 பிட்தான், அவற்றின் இன்ஸ்டாலர் மட்டும் 16 பிட். அப்படியானால் பழைய கணினியில் நிறுவிய ஃபோல்டரை அப்படியே கொண்டுவந்தால் சில நேரம் ஓடிவிடும்.