டிபி53 மியூட்டேஷன் இருந்தா அப்பா பிழைக்க மாட்டாரா?

கேள்வி: டாக்டர், அப்பாவுக்கு 63 வயசு. யூரின்ல ரத்தம் போச்சுன்னு காட்டினோம், டெலஸ்கோப் விட்டு கட்டிய சுரண்டி எடுத்தாங்க. சிறுநீர்ப்பை கேன்சர், ஹை கிரேட், தசை வரைக்கும் இறங்கியிருக்குன்னு பயாப்ஸி சொல்லுது. சிடி ஸ்கேன்ல வேற எங்கயும் பரவல. ஜீன் டெஸ்ட்ல டிபி53, ஆர்பி1 ரெண்டுலயும் மியூட்டேஷன். நெட்ல தேடினா ஆயுசு கம்மின்னு போட்டிருக்கு. கீமோ குடுத்துட்டு ஆபரேஷன்னு டாக்டர் சொல்றார், அப்பா வீண் செலவு வேணாங்கறார். எனக்கும் தம்பிக்கும் இது வருமா?
- ஒரு வாசகர், திருச்சி

பதில்: அந்த வீண் செலவுங்கற பேச்ச அப்பா முதல்ல விடட்டும், ஏன்னா பரவாத நிலையில இத முழுசா குணப்படுத்தணும்னுதான் வைத்தியமே பண்றோம்.

டிபி53, ஆர்பி1 ரெண்டும் செல் கண்டபடி பெருகாம பிடிச்சு வைக்கிற பிரேக். அது கெட்டுப்போனா கட்டி வேகமா வளரும், அது உண்மைதான். ஆனா தசைக்குள்ள போன சிறுநீர்ப்பை கேன்சர்ல டிபி53 கெட்டுப்போறது ரொம்ப சாதாரணம், 2014ல அமெரிக்காவுல 131 கட்டிகளோட ஜீன படிச்சப்போ 49 சதவீதத்துல இருந்துச்சு. அதாவது அப்பா மாதிரி வர்றவங்கள்ல ஏறக்குறைய பாதிப் பேருக்கு டிபி53 மியூட்டேஷன்னுதான் ரிப்போர்ட் வரும், அதனால இவருக்கு மட்டும் தனியா ஏதோ ஆகிடுச்சுன்னு நினைக்காதீங்க.

நெட்ல நீங்க பார்த்தது பெரும்பாலும் 1990கள்ல வந்த ஆராய்ச்சியோட எதிரொலியா இருக்கும். அப்போ கட்டில பி53 புரதம் (டிபி53 ஜீன் உண்டாக்கற புரதம்) கூடுதலா தெரிஞ்சவங்களுக்கு நோய் திரும்ப வர்றது அதிகம்னு சொன்னாங்க. அப்புறம் இத வச்சே கீமோ யாருக்குன்னு முடிவு பண்ணலாமான்னு ஒரு பெரிய ட்ரையல் நடத்தி 2011ல ரிசல்ட் வந்துச்சு. அதுல பி53 கூடுதலா தெரிஞ்சவங்களுக்கும் அப்படி இல்லாதவங்களுக்கும் நோய் திரும்பறதுல வித்தியாசமே தெரியல. அதனால இன்னிக்கும் கட்டி எவ்வளவு ஆழம், நெறிகட்டிக்கு போயிருக்கா, கீமோவுக்கு எப்படி கரையுதுங்கறதுதான் எங்களுக்கு முக்கியம்.

ஆர்பி1 பத்தி ஒரு விஷயம், இத அப்பாகிட்ட கண்டிப்பா சொல்லுங்க. ஆர்பி1, ஏடிஎம், எஃப்ஏஎன்சிசி இந்த மூணு ஜீன்ல ஒண்ணு கெட்டிருந்த கட்டிகள் சிஸ்பிளாட்டின் கீமோவுக்கு நல்லா கரைஞ்சுதுன்னு 2015ல ஒரு ஆராய்ச்சி வந்துச்சு. சின்ன ஆராய்ச்சிதான், அத மட்டும் நம்பி முடிவெடுக்க முடியாது, ஆனா நீங்க பயப்படற அதே மியூட்டேஷன் கீமோவுக்கு சாதகமாவும் இருக்கலாம். 2003ல வந்த ஒரு ட்ரையல்ல முதல்ல கீமோ போட்டுட்டு ஆபரேஷன் பண்ணவங்கள்ல 38 சதவீதம் பேருக்கு எடுத்த சிறுநீர்ப்பையில கேன்சரே மிச்சம் இல்ல, கீமோ இல்லாம நேரா ஆபரேஷனுக்கு போனவங்கள்ல அது 15 சதவீதம்தான். அப்படி மிச்சமே இல்லாம போனவங்க அஞ்சு வருஷத்துக்கு அப்புறமும் பெரும்பாலும் நல்லா இருந்தாங்க. உங்க டாக்டர் சொல்ற வழி சரியான வழி.

உங்களுக்கும் தம்பிக்கும் வருமான்னா, இந்த மியூட்டேஷன் பெரும்பாலும் கட்டில மட்டும் உண்டானது, ரத்தத்துல வழிவழியா வர்றது இல்ல. வீட்ல யாருக்காவது குழந்தையில கண்ணுல கேன்சர் வந்திருந்தாலோ, சின்ன வயசுலயே பல பேருக்கு கேன்சர் வந்திருந்தாலோ ஒரு ஜெனடிக் கவுன்சிலர பாருங்க. சிகரெட் பீடி பழக்கம் இருந்தா அப்பாவும் சரி நீங்களும் சரி இன்னிக்கே விடுங்க, இந்த நோய்க்கு பெரிய காரணமே அதுதான்.

அடுத்த தடவை போறப்போ கிட்னி சிஸ்பிளாட்டின் தாங்குமா, காது கேக்கறது சரியா இருக்கான்னு கேளுங்க. தாங்காதுன்னா வேற என்ன மருந்துன்னு அப்பவே பேசிடுங்க, யோசிக்கிறோம்னு மாசக்கணக்கா தள்ளிப் போடாதீங்க.