பொறுப்பு உன் பெயரில் இருக்கட்டும்

காரைக்குடியிலிருந்து ஒரு தங்கை கேட்டிருக்கிறாள். சிங்கப்பூரில் ஒரு நிறுவனம் அவளைத் திட்ட மேலாளராக எடுத்திருக்கிறது. அவளுக்குக் கீழே வேலை பார்க்கப்போகிறவர்களில் பெரும்பாலோர் ஆண்கள். சிலர் வயதிலும் மூத்தவர்கள். பெண் சொன்னால் கேட்பார்களா, குரலைக் கடுமையாக்கிக்கொள்ள வேண்டுமா, கணவரும் கூட வந்து வேலை பார்க்க முடியுமா என்பவை அவள் கேள்விகள். நான் தேவகோட்டைக்காரி. இங்கே சிங்கப்பூரில் இதே வேலையில் இருபது வருடங்களுக்கு மேல் ஆகிறது. ஒரே சீமைப் பெண் என்ற உரிமையில் நீ என்றே எழுதுகிறேன்.

கேட்பார்கள். நாற்காலியில் பெண்ணைப் பார்த்து வியந்து நிற்கும் ஊர் இல்லை இது. சிங்கப்பூர் அரசின் முதலீட்டு நிறுவனமான டெமாசெக்கை 2004 முதல் 2021 வரை நடத்தியவர் ஹோ சிங். டிபிஎஸ் வங்கிக்கு 2025 மார்ச்சில் தலைமை நிர்வாகியாக வந்த டான் சு ஷான், அந்தப் பதவிக்கு வந்த முதல் பெண். ஆனால் அதெல்லாம் உச்சியில் நடப்பது. உனக்கு வேலை கூட்ட அறையில். அங்கே நம் போன்ற பெண்களுக்கு நேர்வது வேறு, அதைத்தான் நான் விரிவாகச் சொல்ல விரும்புகிறேன்.

நம் பக்கத்துப் பெண்களுக்கு நிர்வாகம் புதிதில்லை. செட்டிநாட்டு ஐயாமார்கள், அதாவது நம் தாத்தாமார்கள், கொண்டுவிற்க என்று தொழிலுக்காகப் பர்மாவுக்கும் மலேயாவுக்கும் போன காலத்தில், இங்கே மார்க்கெட் தெருவில் அவர்கள் தங்கித் தொழில் நடத்திய கிட்டங்கிகளில் ஆளுக்கொரு பெட்டியோடு உட்கார்ந்திருந்தவர்கள் எல்லோரும் ஆண்கள். பெண்கள் ஊரில் இருந்தார்கள். வீட்டு வேலைக்கு ஆள் நிறுத்துவது, கூலி கொடுப்பது, விளைச்சலை அளந்து வாங்குவது, பிள்ளைகளைக் கரையேற்றுவது எல்லாம் அவர்கள் தலையில். எங்கள் ஆயா, அதாவது பாட்டி, ஒரு கல்யாணத்தை நடத்தியதை நான் பார்த்திருக்கிறேன். கல்யாணச் சீர்முறைகளை எழுதிய முறைச்சிட்டையை வரி வரியாக வாசிக்கச் சொல்லி, எந்தச் சாமான் வீட்டின் எந்தப் பகுதியில் இருக்கிறது, சமையலுக்கு எத்தனை மணிக்கு அடுப்பு மூட்ட வேண்டும், விளக்குக்காரர் வராவிட்டால் அடுத்து யார் என்று வளவில், வீட்டின் உள்முற்றத்தில், நின்றபடியே முடித்துவிடுவார். இன்றைக்குப் பாடமாகச் சொல்லித்தருகிற இடர் மேலாண்மை அதில் அப்படியே இருந்தது. கொத்துச்சாவி அவர் இடுப்பில். கணக்கு நோட்டின் மேலே இருந்த பெயர் மட்டும் ஐயாவுடையது. வட்டிக்கடைகளிலும் இதே கதைதான்: பெண்களின் சீதனப் பணம், ஆச்சிமார் பணம் என்ற பெயரிலேயே மூலதனத்தில் சேர்ந்தது, கடையில் உட்கார்ந்து முடிவெடுத்தது ஆண்கள்.

வேலையைத் தாங்குவது, பெயரைக் கேட்காமல் இருப்பது என்ற இந்தப் பழக்கம் கடல் தாண்டி நம்மோடு வந்துவிடுகிறது. உனக்காக நான் அஞ்சுவது அதற்குத்தான்.

திட்டம் தொடங்கியதும் பொறுப்பு அட்டவணை ஒன்று போடுவார்கள், ரேசி என்று சொல்வது. ஒவ்வொரு வேலைக்கும் நேரே, செய்பவர் யார், பதில் சொல்ல வேண்டியவர் யார், யாரைக் கலந்துகொள்வது, யாருக்குத் தெரிவித்தால் போதும் என்று நான்கு விதமாகப் பெயர்களைப் பிரித்திருப்பார்கள். பதில் சொல்பவர் என்பது ஒரு வேலைக்கு ஒருவர்தான் இருக்க வேண்டும். கிடங்கு மென்பொருளை மாற்றும் திட்டம் ஒன்றில் என்னோடு இருந்த ஒரு பெண்ணின் அட்டவணை இன்னும் என் கண்ணில் நிற்கிறது. செய்பவர் என்ற இடத்தில் மேலிருந்து கீழ்வரை அவள் பெயர். பதில் சொல்பவர் என்ற இடத்தில் மேலிருந்து கீழ்வரை ஒரு துறைத் தலைவரின் பெயர். சரக்கு தருபவர் தேதியைத் தள்ளினால் இரவில் போனில் பேசியவள் அவள். சிறு செலவுக்கும் ஒப்புதல் கேட்டு அவர் அறை வாசலில் நின்றவளும் அவள். திட்டம் நல்லபடியாக முடிந்தபோது மேலிடத்தில் எழுந்து விளக்கியவர் அவர். யாரும் யாரையும் ஏமாற்றவில்லை. அட்டவணையில் எழுதியிருந்தபடிதான் எல்லாம் நடந்தது. எனக்கு அதுதான் ஆறவில்லை.

அதனால் அந்த அட்டவணை உன் மேசைக்கு வந்ததும் முதலில் உன் பெயர் எங்கே இருக்கிறது என்று பார். திட்ட மேலாளர் என்று எடுத்துவிட்டு, பதில் சொல்லும் இடத்தில் வேறு பெயர் இருந்தால், தொடக்கக் கூட்டத்திலேயே கேள். பிறகு கேட்டால் மனத்தாங்கல் என்பார்கள். முதல் நாள் கேட்டால் நிர்வாகக் கேள்வி.

இன்னொன்று, கூட்டத்துக்கு அறை பிடிப்பது, பிறந்தநாள் கேக் வாங்குவது, புதிதாக வந்தவருக்கு இடம் காட்டுவது. செய்யவேண்டிய வேலைகள்தான், ஆனால் இவற்றால் யாருக்கும் பதவி உயர்வு வந்ததில்லை. லிண்டா பாப்காக், லீஸ் வெஸ்டர்லண்ட் முதலிய நான்கு ஆய்வாளர்கள் 2017இல் வெளியிட்ட ஆய்வில் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். இத்தகைய வேலையைச் செய்யக் கேட்டபோது ஒப்புக்கொண்ட பெண்கள் 76 சதவீதம், ஆண்கள் 51 சதவீதம். கேட்பவர்களும் பெண்களிடமே அதிகம் கேட்டார்கள். குழுவில் பெண்கள் மட்டும் இருந்தபோது தாமாக முன்வருவது குறைந்தது என்பதையும் கவனி. ஆகவே இது பெண்ணின் இயல்பு இல்லை. பெண் செய்துவிடுவாள் என்று எல்லோரும் எதிர்பார்த்திருக்கிறார்கள், அவ்வளவுதான். நான் என் குழுவில் அகர வரிசைப்படி முறை வைத்துவிட்டேன். யாரும் முகம் சுளிக்கவில்லை. முடிவுக் குறிப்பை மட்டும் யாருக்கும் விடாதே. என்ன முடிவு, யார் பொறுப்பு, எந்தத் தேதி என்று நீயே எழுதி, அன்று மாலையே உன் பெயரில் அனுப்பு.

குரலைக் கடுமையாக்கத் தேவையில்லை. இங்கே தேதியும் தொகையும் கேட்டால் பெரிய குரலும் அடங்கிவிடும். “எப்போது முடியும்?” என்று கேட்டுவிட்டுப் பதில் வரும்வரை பேசாமல் இரு. மௌனத்தை நிரப்ப நாம் அவசரப்படுவதுதான் வழக்கம்.

சங்கடம் வருவது பெரும்பாலும் நம்மவர்களிடமிருந்துதான். சிவகங்கை, புதுக்கோட்டைப் பக்கத்து அண்ணன்மார் உன்னை மேடம் என்று மரியாதையாகவே கூப்பிடுவார்கள், நீ சொன்னதை அப்படியே எடுத்துக்கொண்டு போய்ப் பக்கத்திலிருக்கும் ஆண் அதிகாரியிடம் “சரிதானா சார்?” என்று கேட்பார்கள். அவர்களோடு சண்டை வேண்டாம். அந்த அதிகாரியிடம் முன்பே பேசி வை: இப்படிக் கேட்டால் “அவரிடமே கேளுங்கள்” என்ற ஒரே பதில்தான் தர வேண்டும் என்று. சில வாரங்களில் நின்றுவிடும். எங்கள் இடத்தில் நின்றது.

கணவர் விஷயம். உன் மாதச் சம்பளம் 6,000 சிங்கப்பூர் வெள்ளிக்குக் குறையாமல் இருந்தால்தான் சார்ந்திருப்போர் அனுமதியில் அவரை அழைத்துவர முடியும். அந்த அனுமதியை மட்டும் வைத்துக்கொண்டு அவர் சம்பளத்துக்குப் போக முடியாது. 2021 மே மாதத்திலிருந்து அவருக்கென்று தனி வேலை அனுமதி வேண்டும். இதை இப்போதே வீட்டில் பேசிவிடுங்கள். வந்தபிறகு தெரிந்து மனம் கசந்த குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன்.

குழந்தை பற்றி நீ கேட்கவில்லை, நானாகச் சொல்கிறேன். பிறக்கும் குழந்தை இந்நாட்டுக் குடியுரிமை உள்ளதானால் தாய்க்கு 16 வாரப் பேறுகால விடுப்பு. நம் போல வந்தவர்களுக்கு 12 வாரம், அதில் முதல் 8 வாரத்துக்கு முதலாளி சம்பளம் தர வேண்டும், மீதி ஒப்பந்தத்தைப் பொறுத்தது. நெகிழ்வான பணி நேரம் கேட்டு எழுதினால் இரண்டு மாதத்துக்குள் எழுத்தில் பதில் தர வேண்டும் என்ற வழிகாட்டுதல் 2024 டிசம்பரில் நடைமுறைக்கு வந்தது. மறுத்தால் காரணமும் சொல்ல வேண்டும்.

கையெழுத்துப் போடுவதற்கு முன் நிறுவனத்திடம் ஒன்று கேட்டுவிடு: யாரையும் கேட்காமல் நீ ஒப்புதல் தரக்கூடிய செலவு எவ்வளவு? எழுத்தில் வாங்கு. அவர்கள் சொல்லும் தொகையை எனக்கு எழுது, பேசிப் பார்ப்போம்.