குப்பையைப் பிரிப்பது: கேட்டவையும் என் பதில்களும்

அடுக்குமாடிக் குடியிருப்பில் குப்பைப் பிரிப்பைப் பல வருடமாகப் பார்த்துக்கொண்டிருப்பவன் நான். கை வைத்துப் பார்த்ததைத்தான் சொல்கிறேன்.

கேள்வி: மக்கும் குப்பை, மக்காத குப்பை என்று இரண்டு தொட்டி வைத்துவிட்டோம். ஆனாலும் எடுக்க வருகிறவர், "இதில் பாதிக்கு மேல் தேறாது சார்" என்கிறார். எங்கே தப்பு?

ஈரத்தில். தொட்டியை எண்ணாதீர்கள், உள்ளே கையை விட்டுப் பாருங்கள். எங்கள் கட்டடத்தில் ஒரு நாள் யாரோ பாதி குடித்த ஜூஸ் பெட்டியை மூடாமல் பேப்பர் கட்டுக்கு மேல் போட்டுவிட்டார்கள். மறுநாள் காலை பார்த்தால் ஜூஸ் அடிவரை இறங்கி, கட்டு முழுக்க ஒட்டிப்போய், எறும்பும் ஏறியிருந்தது. ஒரு வாரம் சேர்த்தது ஒரே ராத்திரியில் போனது.

காகிதத்தை மறுபடி கூழாக்கித்தான் புதுக் காகிதம் செய்கிறார்கள். எண்ணெய் பட்ட அட்டை அந்தக் கூழில் கலந்தால், எண்ணெய் நாரைவிட்டு முழுதாகப் பிரியாது. புதுத் தாளில் திட்டுத் திட்டாக நிற்கும். நாரும் ஒவ்வொரு சுற்றிலும் குட்டையாகிக்கொண்டே போகும். சுமார் 5 முதல் 7 சுற்றோடு அதன் ஆயுள் முடிந்தது. கண்ணாடியும் அலுமினியமும் அப்படியில்லை, எத்தனை முறை உருக்கினாலும் தரம் குறையாது. பழைய அலுமினியத்தை உருக்க, தாதுவிலிருந்து புதிதாக எடுப்பதற்கு ஆகும் ஆற்றலில் 5 சதவீதம் அளவே போதும். அதனால் தொட்டியில் ஒரு அலுமினிய டின் கிடந்தால் நானே குனிந்து எடுத்துவிடுவேன். வீட்டில் கிண்டல் செய்கிறார்கள், பரவாயில்லை.

கேள்வி: அப்படியானால் டப்பாவையெல்லாம் சோப்புப் போட்டுத் தேய்க்க வேண்டுமா? தண்ணீர் வீண்தானே?

வேண்டாம் அம்மா. பாத்திரம் அலசிய தண்ணீரையே கொஞ்சம் ஊற்றிக் குலுக்கிக் கொட்டுங்கள். பிறகு கவிழ்த்து வையுங்கள். பளபளப்பு யாருக்கும் தேவையில்லை, சொட்டக் கூடாது, அவ்வளவுதான்.

கேள்வி: பிளாஸ்டிக் டப்பா அடியில் முக்கோணத்துக்குள் எண் இருக்கிறதே, அது இருந்தால் மறுசுழற்சிக்குப் போகும் என்று அர்த்தமா?

இல்லை. பலர் ஏமாறுவது இங்கேதான். 1988-ல் வந்த அந்த எண் என்ன வகை பிளாஸ்டிக் என்பதை மட்டும்தான் சொல்லும். 1 தண்ணீர் பாட்டில் வகை, 2 ஷாம்பு பாட்டில் மாதிரிக் கெட்டியானது, 5 மூடியிட்ட உணவு டப்பா. இந்த மூன்றையும் பொதுவாக எடுப்பார்கள். 3 பி.வி.சி., 6 தெர்மாகோல் வகை, 7 மற்றதெல்லாம் கலந்தது. இவற்றை எடுப்பவர் கிடைப்பது அபூர்வம்.

ஒரு வாளித் தண்ணீர் எடுங்கள். தண்ணீர் பாட்டிலில் ஒரு துண்டு வெட்டிப் போடுங்கள், மூழ்கும். அதன் மூடியைப் போடுங்கள், மிதக்கும். ஆலையிலும் இரண்டையும் அரைத்துத் தண்ணீரில் விட்டுத்தான் பிரிக்கிறார்கள். பி.வி.சி.யும் பாட்டில் துண்டோடு சேர்ந்து மூழ்கிவிடும். இரண்டின் அடர்த்தியும் கிட்டத்தட்ட ஒன்றே. அதனால்தான் ஒரு பி.வி.சி. துண்டு ஒரு தொகுதியையே கெடுத்துவிடுகிறது என்று புலம்புகிறார்கள்.

கேள்வி: "மக்கும்" என்று அச்சடித்த பை எங்கள் உரத்தொட்டியில் ஆறு மாதமாக அப்படியே கிடக்கிறது. ஏமாற்றிவிட்டார்களா?

பை பொய் சொல்லவில்லை, பாதி உண்மை சொல்கிறது. பெரும்பாலான அத்தகைய பைகள் ஆலை உரக்கிடங்கின் சூட்டில், 58 டிகிரி அளவில் மக்குமா என்று பார்த்துச் சான்று பெற்றவை. வீட்டுத் தொட்டி அவ்வளவு சூடாகாது. வெளியே எடுத்துப் போடுங்கள்.

கேள்வி: மொட்டை மாடியில் உரம் போடுகிறோம். நாற்றம் தாங்காமல் மேல் மாடிக்காரர் சண்டைக்கே வந்துவிட்டார். நிறுத்திவிடலாமா?

நிறுத்தாதீர்கள், மோந்து பாருங்கள். அழுகிய முட்டை வாடை என்றால் காற்று போகவில்லை, தண்ணீர் அதிகம். மூக்கில் ஏறும் அமோனியா நெடி என்றால் பச்சைக் கழிவு அதிகம், காய்ந்த சருகு குறைவு. சருகில் கார்பன் அதிகம், பச்சைக் கழிவில் நைட்ரஜன் அதிகம்; கார்பன் 25 முதல் 30 பங்குக்கு நைட்ரஜன் 1 பங்கு என்பது கணக்கு. யார் அளந்துகொண்டிருப்பது? காய்கறித் தோல் ஒரு கிண்ணம் போட்டால் சருகோ கிழித்த அட்டையோ இரண்டு, மூன்று கிண்ணம் போடுங்கள். ஒரு பிடி எடுத்து இறுக்குங்கள். ஓரிரு சொட்டு கசிந்தால் சரியான பதம், தாரையாக வழிந்தால் ஈரம் அதிகம். கிளறிவிட்டு, மேலே சருகால் மூடுங்கள். சில நாளில் வாடை தணியும். அதுவரை மேல் மாடிக்காரரைக் கூட்டிவந்து கிளறச் சொல்லுங்கள், சண்டையும் தணியும்.

கேள்வி: பழைய செல்போன் பேட்டரி, சி.எஃப்.எல். பல்பு எங்கே போட?

எந்தத் தொட்டியிலும் போடாதீர்கள். லித்தியம் பேட்டரி குப்பை வண்டியில் நசுங்கினால் தீப்பிடிக்கும். இரு முனையிலும் டேப் ஒட்டித் தனியாக வையுங்கள். உப்பிய பேட்டரியைக் குத்திப் பார்க்கவே கூடாது. சி.எஃப்.எல்.லில் சில மில்லிகிராம் பாதரசம் உண்டு. உடைந்தால் ஜன்னலைத் திறந்து வைத்து, பத்து நிமிடம் அந்த அறையை விட்டு வெளியே இருங்கள். பிறகு கெட்டி அட்டையால் வாருங்கள், மிச்சத் தூளை டேப்பால் ஒற்றி எடுங்கள். துடைப்பமும் வேண்டாம், வேக்குவம் கிளீனரும் வேண்டாம். பேட்டரி, பல்பு இரண்டையும் மின்குப்பை வாங்கும் இடத்தில்தான் கொடுக்க வேண்டும்.

கேள்வி: நாப்கின், டயப்பர், ஊசி?

முதல் இரண்டையும் காகிதத்தில் சுற்றி, தெரிகிற மாதிரிக் குறியிட்டுத் தனியே கொடுங்கள். ஊசியைக் கெட்டி பிளாஸ்டிக் பாட்டிலில் போட்டு மூடியை இறுக்குங்கள். அந்தப் பையைக் கையால் தூக்குகிறவர் ஒருவர் இருக்கிறார்.

கேள்வி: சங்கச் செயலாளர் நான். சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது, அபராதம் போடலாமா?

என் அனுபவத்தில் அபராதம் சண்டையைத்தான் வளர்த்தது. தொட்டி இருக்கும் இடத்தை முதலில் பாருங்கள். பின்பக்க இருட்டு மூலையில் மூக்கைப் பிடித்துக்கொண்டு எறிகிறவர் எதையும் பிரிக்க மாட்டார். நாங்கள் லிஃப்ட் பக்கத்தில் விளக்கின் கீழே கொண்டுவந்து வைத்தோம், கறுப்புப் பைக்குப் பதில் கண்ணாடி போலத் தெரியும் பை கொடுத்தோம். முக்கால்வாசிப் பேர் தானாகவே மாறினார்கள். மீதிப் பேரிடம் நான் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறேன்.

கேள்வி: கடை ரசீது பேப்பர் தொட்டிக்குத்தானே?

நகத்தால் கீறிப் பாருங்கள். கறுப்புக் கோடு விழுந்தால் அது வெப்பத்தாள், ரசாயனம் பூசியது. பேப்பரோடு சேர்க்காதீர்கள், உரத்திலும் போடாதீர்கள்.